டால்பின் தூங்கும் நேரம்

"டால்பின்களோடு சேர்ந்து கடலில் நீந்த வருகிறீர்களா?" என்று யாராவது கேட்டால், வேண்டாம் என்று சொல்ல நம்மில் பலருக்கு மனம் வராது. படங்களில் பார்த்த பிராணி, சிரித்த முகம், மனிதனிடம் அச்சமின்றிப் பழகுவதாகக் கதைகள். இந்த ஆசையை அடிப்படையாகக் கொண்டு உலகின் பல கடற்கரைகளில் ஒரு பெரிய தொழிலே வளர்ந்திருக்கிறது.

உல்லாசக் கப்பல்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆயிரக்கணக்கான பயணிகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றிவரும் மிதக்கும் விடுதிகள் அவை. இரவில் பயணம், பகலில் ஒரு துறைமுகத்தில் நிறுத்தம் என்பதே பெரும்பாலும் அவற்றின் வழக்கம். கப்பல் நிற்கும் சில மணி நேரத்தில் என்ன செய்யலாம் என்பதற்கு ஒரு பட்டியல் தருவார்கள். எரிமலையைப் பார்த்துவரலாம், காப்பித் தோட்டத்துக்குப் போகலாம், படகில் சென்று டால்பின்களுடன் நீந்தலாம். வேண்டியதற்கு முன்கூட்டியே பணம் கட்டி இடம் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

பசிபிக் கடலின் நடுவே உள்ள ஹவாய்த் தீவுகளில் இந்த 'டால்பின் நீச்சல்' பல ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்தது. ஆனால் 2021ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு அங்கே ஒரு விதியைக் கொண்டுவந்தது. அதன்படி, கரையோரக் கடலில் சுழல் டால்பின் என்னும் இனத்தோடு நீந்துவது குற்றம்!

யாரும் டால்பினைப் பிடிக்கவில்லை; அடிக்கவில்லை; அதன் பக்கத்தில் நீந்தினார்கள், அவ்வளவுதான். இதில் என்ன தீங்கு? இந்தக் கேள்விக்கு விடை காண ஒலியின் இயற்பியல் கொஞ்சம், உயிரியல் கொஞ்சம், எளிய கணக்கு கொஞ்சம் வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இரவில் எழும் கடலடி

முதலில் இந்த டால்பினின் அறிமுகம். நம் மீனவர்கள் டால்பினை ஓங்கில் என்பார்கள். ஓங்கில்களில் பல இனங்கள் உண்டு. சுழல் டால்பின் ஒல்லியான உடலும் நீண்ட மூக்கும் கொண்டது. நீளம் ஏறத்தாழ 2 மீட்டர். நீரிலிருந்து துள்ளி எழும்போது பம்பரம்போல் தன்னைத் தானே சுற்றிக்கொள்வதால் அந்தப் பெயர்.

இதன் உணவு எங்கே இருக்கிறது? இதை அறிய இரண்டாம் உலகப் போர்க் காலத்துக்குப் போக வேண்டும். 1942ல் அமெரிக்க விஞ்ஞானிகள் கலிபோர்னியக் கடலில் ஒலி அலைகளைக் கொண்டு நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறியும் முறையைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கடலுக்குள் ஓர் ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை அளந்தால் தொலைவு தெரிந்துவிடும். கடல்நீரில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர். எதிரொலி 0.6 விநாடியில் வந்தால் ஒலி போய்வந்த தூரம் 900 மீட்டர். அப்படியானால் பொருள் இருக்கும் ஆழம் 450 மீட்டர். நீங்கள் வகுப்பில் போடும் கணக்குத்தான்.

ஆனால் அங்கே ஒரு புதிர். கடலின் ஆழம் ஆயிரம் மீட்டருக்கு மேல் இருக்கும் இடங்களிலும் சில நூறு மீட்டர் ஆழத்திலிருந்து பரவலான எதிரொலி வந்தது. கடலடியே மேலே வந்துவிட்டதோ என்று தோன்றியது. 1945ல் மார்ட்டின் ஜான்சன் என்ற கடலியல் அறிஞர் இதை இரவும் பகலும் ஆராய்ந்தார். மாலையில் அந்தப் 'பொய்க் கடலடி' மெல்ல மேலெழுந்தது. விடியலில் மீண்டும் கீழே இறங்கியது. மண்ணும் பாறையும் அப்படி ஏறி இறங்குமா? அது உயிர்களின் கூட்டம்! சிறு மீன்கள், இறால்கள், கணவாய்கள் ஆகியவை கோடிக்கணக்கில் சேர்ந்த ஓர் அடுக்கு. பகலில் ஒளி இருக்கும்போது எதிரிகளின் கண்ணில் படாமல் இருளில் பதுங்கியிருந்து, இரவில் இரை தேடி மேலே வருகின்றன. ஒவ்வோர் இரவும் உலகக் கடல்கள் எங்கும் நடக்கும் மாபெரும் இடப்பெயர்ச்சி இது.

ஹவாயின் சுழல் டால்பின் இந்த அடுக்கையே நம்பி வாழ்கிறது. பகலில் ஏறத்தாழ 400 முதல் 700 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் இரை, இரவில் மேலே வரும்போதுதான் அதற்குக் கைக்கெட்டுகிறது. ஆகவே டால்பினுக்கு இரவுதான் வேலை நேரம்.

அந்த வேலையும் எளிதன்று. இரை ஒவ்வொன்றும் சில சென்டிமீட்டர் நீளமே உள்ள சிறு பிராணி. அதன் எரிசக்தி மதிப்பைக் கணக்கிட்டுப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், உடலைப் பராமரிக்க மட்டுமே ஒரு டால்பின் நிமிடத்துக்குச் சராசரியாக 1.25 பெரிய இரைகளையாவது பிடிக்க வேண்டும் என்று மதிப்பிட்டார்கள். இரவில் 10 மணி நேரம் வேட்டை என்று வைத்துக்கொள்வோம். 600 நிமிடத்தை 1.25ஆல் பெருக்கினால் 750. ஓர் இரவில் 750 தடவை இரையைத் தேடி, துரத்தி, பிடித்தாக வேண்டும். இடையிடையே மூச்சு விட மேலே வந்து போகவும் வேண்டும்.

தனியாக இதைச் சாதிப்பது கடினம். கெல்லி பெனாய்ட்-பேர்ட், விட்லோ ஆவ் என்ற இரு விஞ்ஞானிகள் ஒலிக் கருவிகளால் இரவுக் கடலை 'படம்' பிடித்து, 2009ல் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டார்கள். சுழல் டால்பின்கள் ஏறத்தாழ இருபது சேர்ந்து, இரண்டிரண்டாக வட்டம் கட்டி, சிதறிக் கிடக்கும் இரையை நெருக்கமான திரளாக ஒன்றுசேர்க்கின்றன. பிறகு முறை வைத்து இரண்டிரண்டு ஜோடியாக உள்ளே புகுந்து உண்கின்றன. நம் ஊர்க் கடற்கரையில் பலர் சேர்ந்து கரைவலை இழுப்பதைப் போன்ற கூட்டு உழைப்பு. ஒருவர் சோர்ந்தாலும் வட்டம் உடையும்.

ஒலியால் பார்ப்பது எப்படி?

இருண்ட கடலில் விரற்கடை அளவுள்ள மீனைக் கண்டுபிடிப்பது எப்படி? கண்ணால் முடியாது. டால்பின் அங்கே ஒலியால் 'பார்க்கிறது'.

டால்பினுக்கு நம்மைப்போல் குரல்வளையிலிருந்து ஒலி எழுவதில்லை. தலைக்குள், மூச்சுத் துளைக்குக் கீழே இருக்கும் காற்றுப் பாதையில் உதடு போன்ற திசுக்கள் உள்ளன. அவை துடித்து 'கிளிக், கிளிக்' என்ற குறுகிய ஒலிகளை உண்டாக்குகின்றன. நெற்றியில் உள்ள கொழுப்புத் திரள் அந்த ஒலியை, குவிலென்ஸ் ஒளியைக் குவிப்பதுபோல், ஒரே திசையில் குவித்து அனுப்புகிறது. திரும்பிவரும் எதிரொலியைக் கீழ்த்தாடையில் உள்ள கொழுப்பு வாங்கி உட்செவிக்குக் கடத்துகிறது. தாடையால் கேட்கும் பிராணி!

இந்தக் கிளிக்குகளின் அதிர்வெண் மிக அதிகம். நமக்கு 20 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது. டால்பினின் கிளிக்கோ 100 கிலோ ஹெர்ட்ஸையும் தாண்டும். ஏன் இவ்வளவு அதிகம்? வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும் அல்லவா? 1,500 மீட்டரை 1,00,000 ஆல் வகுத்துப் பாருங்கள்: 0.015 மீட்டர், அதாவது ஒன்றரை சென்டிமீட்டர். ஒரு பொருளிலிருந்து தெளிவான எதிரொலி வர வேண்டுமானால், அலைநீளம் அந்தப் பொருளைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. 1 கிலோ ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் நீரில் ஒன்றரை மீட்டர். அந்த அலை சின்ன மீனைச் சுற்றி வளைந்து போய்விடும். மீன் அங்கே இருப்பதே தெரியாது.

1980ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஹவாயின் கனியோஹே விரிகுடாவில் பயிற்சி பெற்ற ஒரு குப்பிமூக்கு டால்பின் 7.6 சென்டிமீட்டர் விட்டமுள்ள கோளத்தை 113 மீட்டர் தொலைவிலிருந்து எதிரொலியாலேயே கண்டறிந்தது. கிரிக்கெட் பந்தைவிடச் சற்றுப் பெரிய பொருள் அது. மைதானத்தின் ஒரு கோடியில் நின்று மறுகோடியில் உள்ள பந்தை, கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிப்பதாக எண்ணிப் பாருங்கள்!

ஆனால் இயற்கையில் எதுவும் இலவசமில்லை. அதிர்வெண் கூடக் கூடக் கடல்நீர் ஒலியை விரைவாக உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் இந்த ஒலிக்கண் நெடுந்தூரம் எட்டாது. மேலும், கிளிக்கை எழுப்புவது, எதிரொலியைக் கேட்பது, அதற்குப் பொருள் காண்பது எல்லாமே மூளை விழிப்போடு செய்ய வேண்டிய வேலை. இரவு முழுவதும் இந்த வேலையைச் செய்த பிராணிக்குப் பகலில் ஓய்வு தேவைதானே?

பகலில் ஒரு படுக்கையறை

பொழுது விடிகிறது. இரை ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. டால்பின் கூட்டம் கரையை நோக்கித் திரும்புகிறது. எல்லாக் கரைக்கும் அது போவதில்லை. சில விரிகுடாக்களை மட்டுமே தேர்ந்தெடுக்கிறது.

ஹவாய்த் தீவின் மேற்குக் கரையில் உள்ள கியலகெகுவா விரிகுடா அவற்றுள் ஒன்று. கடலோடி ஜேம்ஸ் குக் 1779ல் கொல்லப்பட்டது இந்த விரிகுடாவின் கரையில்தான் என்பது வரலாற்றில் படித்திருப்பீர்கள். கென்னத் நாரிஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1970களில் தம் குழுவினருடன் இங்கே தங்கி, செங்குத்தான கரை மேட்டிலிருந்து தொலைநோக்கியால் டால்பின்களின் பகல் வாழ்க்கையைக் கவனித்தார். இன்று நமக்குத் தெரிந்த பல செய்திகள் அந்தக் கவனிப்பில் தொடங்கியவை.

காலையில் வரும்போது கூட்டம் சுறுசுறுப்பாக இருக்கும். போகப்போகத் துள்ளல் குறையும். டால்பின்கள் ஒன்றோடொன்று நெருங்கும். ஒலி எழுப்புவது அடங்கும். பிறகு மொத்தக் கூட்டமும் ஒரே உடல்போல் மெல்ல நீந்தும். சேர்ந்து மூழ்கும், சில நிமிடம் கழித்துச் சேர்ந்து எழும். இதுதான் சுழல் டால்பினின் தூக்கம். நாளில் நாலைந்து மணி நேரம் இப்படிக் கழியும்.

நீந்திக்கொண்டே தூங்குவதா? ஆம். நாம் தூங்கும்போது மூச்சு தானாக நடக்கிறது. டால்பின் ஒவ்வொரு மூச்சுக்கும் நீர்மட்டத்துக்கு வந்து மூச்சுத் துளையைத் திறந்தாக வேண்டும். முழுத் தூக்கத்தில் ஆழ்ந்தால் மூழ்கிப் போகும். இதற்கு இயற்கை ஒரு வழி கண்டிருக்கிறது. 1977ல் முகமெத்தோவ் என்ற சோவியத் விஞ்ஞானியும் அவருடைய தோழர்களும் குப்பிமூக்கு டால்பினின் மூளை மின் அலைகளைப் பதிவு செய்து, மூளையின் ஒரு பாதி தூங்கும்போது மறுபாதி விழித்திருப்பதைக் காட்டினார்கள். பிறகு பாதிகள் முறை மாற்றிக்கொள்கின்றன. வீட்டில் ஒருவர் தூங்க ஒருவர் காவல் இருப்பதுபோல, ஒரே தலைக்குள் இரண்டு பேர்!

அதிலும் எதிரிகள் இருக்கும் கடல் அது. ஓய்வு நேரத்தில் ஒலிக்கண் பெரும்பாலும் மூடியிருப்பதால் சுறா வருவதை எப்படி அறிவது? இங்கேதான் இடத் தேர்வின் சிறப்பு இருக்கிறது. இந்த விரிகுடாக்களின் அடியில் வெண்மணல் பரப்பு உண்டு, நீர் தெளிவானது, ஆழமும் குறைவு. மேலிருந்து வரும் சூரிய ஒளி மணலில் பட்டுத் திரும்புகிறது. அந்த வெளிர் பின்னணியில் பெரிய சுறாவின் உருவம் நிழலாகத் தெரிந்துவிடும். ஒலிக்கு ஓய்வு கொடுத்துவிட்டு ஒளியைக் காவலுக்கு வைக்கிறது டால்பின் என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். நெருங்கி நீந்துவதற்கும் இதுவே காரணம். பல ஜோடிக் கண்கள் சேர்ந்து காவல் காக்கும்போது ஒவ்வொன்றுக்கும் சுமை குறைகிறது. கூட்டத்தை யாராவது நடுவே பிரித்தால் காவல் குலைகிறது. எல்லாமே விழித்தாக வேண்டியதுதான்.

பம்பரம் சுற்றுவது எப்போது?

விளம்பரப் படங்களில் சுழல் டால்பின் எப்போதும் காற்றில் சுழன்றுகொண்டே இருக்கும். ஒரே துள்ளலில் ஏழு சுற்று வரை சுற்றக்கூடியது அது. இதன் இயக்கவியலை ஆராய்ந்து 2006ல் ஒரு கட்டுரை வெளிவந்தது. டால்பின் சுழலத் தொடங்குவது காற்றில் அன்று, நீருக்குள்ளேயே. மேல்நோக்கி விரைந்து வரும்போதே திருகாணிபோல் முறுக்கிக்கொண்டு வருகிறது. நீருக்குள் உடலும் துடுப்புகளும் அந்தச் சுழற்சியை எதிர்க்கும் விசையைச் சந்திக்கின்றன. உடல் வெளியே வந்ததும், நீரைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி குறைந்த காற்றில் அந்த எதிர்ப்பு போய்விடுகிறது. ஆனால் வால் மட்டும் இன்னும் நீரில் இருந்து தள்ளிக்கொண்டிருக்கிறது. திருப்பும் விசை இருக்கிறது, தடுக்கும் விசை இல்லை. சுழற்சி வேகம் சட்டென்று கூடுகிறது!

உடலில் ஒட்டிக்கொண்ட உறிஞ்சு மீன்களை உதறவும், விழும்போது எழும் ஓசையால் தூரத்தில் உள்ள தோழர்களுக்குச் செய்தி சொல்லவும் இப்படிச் செய்யலாம் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. நமக்கு முக்கியமான செய்தி வேறு. சுழல்வது விழித்திருக்கும் டால்பினின் வேலை. மாலையில் ஓய்வு முடியும்போது துள்ளல் மீண்டும் தொடங்குகிறது. கூட்டம் கடலை நோக்கி விரையும், பாதியில் வேகம் குறைந்து விரிகுடாவுக்கே திரும்பும், மீண்டும் விரையும். எல்லாரும் விழித்துவிட்டார்களா என்று சரிபார்ப்பதுபோல் இப்படிப் பலமுறை போய்வந்த பிறகே இரவு வேட்டைக்குப் புறப்படும்.

அரை மணி நேரக் கணக்கு

இப்போது கப்பலுக்குத் திரும்புவோம். இந்தக் கரையில் உள்ள கோனா நகரம் உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கும் இடம். கப்பல் கரையை அணைவதில்லை. கடலில் நங்கூரமிட, பயணிகள் சிறு படகுகளில் கரைக்கு வருவார்கள். காலையில் வரும் கப்பல் பெரும்பாலும் மாலையில் புறப்பட்டுவிடும். அதனால் பயணி பதிவு செய்யும் டால்பின் நீச்சல் எந்த நேரத்தில் அமைய முடியும்? பகலில்தான். டால்பின் கரையோரத்தில், எளிதில் போய்ச் சேரும் தூரத்தில் இருப்பது எந்த நேரம்? அதுவும் பகல்தான், ஏனென்றால் அது தூங்க வந்திருக்கிறது. மனிதனின் கால அட்டவணையும் டால்பினின் கால அட்டவணையும் மோதும் இடம் இதுவே. நீச்சலுக்கு வாங்கிய சீட்டு, உண்மையில் ஒருவருடைய படுக்கையறைக்குள் நுழைவதற்கான சீட்டு.

"நான் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, அரை மணி நேரம் மட்டும்தானே நீந்தப் போகிறேன்?" என்று பயணி கேட்கலாம். அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் கணக்கை டால்பின் பக்கமிருந்து போட்டுப் பாருங்கள். ஒரு படகு அரை மணி நேரம் நிற்கிறது என்போம். ஒன்றன்பின் ஒன்றாகப் பத்துப் படகுகள் வந்தால் 10 × 30 = 300 நிமிடம்; அதாவது 5 மணி நேரம். டால்பினின் ஒரு நாள் ஓய்வு முழுவதும் போயிற்று! எந்தப் படகும் அரை மணிக்கு மேல் நிற்கவில்லை. எந்தப் பயணியும் தவறு செய்ததாக நினைக்கவில்லை. மறுநாள் வேறு பயணிகள். டால்பின்களோ அதே டால்பின்கள்.

இது வெறும் கற்பனைக் கணக்கன்று. 2010 முதல் 2013 வரை ஹவாய்த் தீவின் நான்கு விரிகுடாக்களில் நடந்த ஆய்வின்படி, பகல் நேரத்தில் 82 சதவீதத்துக்கு மேல், டால்பின்களுக்கு 100 மீட்டருக்குள் படகோ நீந்துபவரோ இருந்தார்கள். ஒரு தொந்தரவுக்கும் அடுத்த தொந்தரவுக்கும் இடையே கிடைத்த இடைவெளி நடுத்தரமாகப் பத்தே நிமிடம். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கதவைத் தட்டினால் உங்களால் தூங்க முடியுமா?

இங்கே முடியாவிட்டால் வேறு இடத்தில் தூங்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். அதையும் ஆராய்ந்தார்கள். விரிகுடாவுக்கு வெளியே சுழல் டால்பின்கள் ஓய்வெடுப்பது மிக அரிது என்று தெரிந்தது. இழந்த தூக்கத்தை ஈடுகட்ட அவற்றுக்கு மாற்று இடம் இல்லை. தூக்கம் கெட்ட டால்பின் இரவில் அந்த 750 இரைகளைத் தேடப் போக வேண்டும். விலகி நீந்திச் செலவழித்த சக்திக்கும் சேர்த்து இரை தேட வேண்டும். குட்டிக்குப் பாலூட்டும் தாயாக இருந்தால் சுமை இன்னும் கூடும். ஒரு நாளில் இதன் விளைவு கண்ணுக்குத் தெரியாது. காயம் இல்லை, இரத்தம் இல்லை. நாள்தோறும் நடந்தால்தான் கேடு சேரும். கண்ணுக்குத் தெரியாத தீங்கை மனிதன் நம்புவது கடினம் என்பதாலேயே இந்தத் தொழில் இவ்வளவு காலம் நல்ல பெயரோடு நடந்தது.

"டால்பின் சிரிக்கிறதே, தானாகவே படகருகே வருகிறதே?" என்பது அடுத்த கேள்வி. அந்தச் சிரிப்பு தாடை எலும்பின் அமைப்பு. பசித்தாலும் வலித்தாலும் அதே முகந்தான். படகருகே வருவது உண்மை. ஓடும் படகின் முன்னால் நீர் தள்ளப்பட்டு அழுத்தம் கூடிய பகுதி உண்டாகிறது. விழித்திருக்கும் டால்பின்கள் அதில் ஏறி, உழைப்பின்றிச் சறுக்கி விளையாடும். அது அவை விரும்பி வருவது. தூங்கும் இடத்துக்கு நாம் போவது வேறு.

விதி என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் கடல் பாலூட்டிகளைத் துன்புறுத்தக் கூடாது என்ற சட்டம் 1972லேயே வந்தது. ஆனால் 'துன்புறுத்தல்' எது என்பதில் வாதத்துக்கு இடமிருந்தது. 2021 செப்டம்பரில் வெளியாகி அக்டோபர் 28 முதல் நடைமுறைக்கு வந்த விதி அந்த இடத்தை அடைத்தது. ஹவாயின் முக்கியத் தீவுகளைச் சுற்றி 2 கடல் மைல், அதாவது சுமார் 3.7 கிலோமீட்டர் தூரத்துக்குள், சுழல் டால்பின்களை 50 கெஜத்துக்கு, ஏறத்தாழ 45 மீட்டருக்கு, அருகில் நெருங்கக் கூடாது. அவற்றோடு நீந்தக் கூடாது. அவை போகும் பாதையில் முன்கூட்டியே படகைக் கொண்டுபோய் நிறுத்தி, 'தானாகத்தான் வந்தன' என்று சொல்வதும் கூடாது. உண்மையிலேயே அவை நெருங்கி வந்தால், அவற்றோடு விளையாட முயலாமல் விலகிச் செல்ல வேண்டும்.

அப்படியானால் அடைத்து வைத்த டால்பின்களோடு நீந்தலாமா? கரீபியன் கடலில் நாசோ, கோசுமெல் போன்ற கப்பல் நிறுத்தங்களில் பயணிகளுக்கு விற்கப்படுவது பெரும்பாலும் இத்தகைய நீச்சல்தான். அங்கே இருப்பவை குப்பிமூக்கு டால்பின்கள். அவற்றின் தூக்கம் ஒருவேளை கெடாமல் இருக்கலாம். ஆனால் கெடுவது வேறொன்று. நூறு மீட்டருக்கு அப்பால் உள்ள பந்தையும் காணும் ஒலிக்கண்ணுக்குச் சுவரும் வலையும் வேலியும்தான் உலகம். 25 மீட்டர் தொலைவிலுள்ள சுவரிலிருந்து எதிரொலி 0.033 விநாடியில் திரும்பிவிடும். நேற்றும் அதே எதிரொலி, இன்றும் அதே எதிரொலி. தேட எதுவும் இல்லாத இடத்தில் தேடும் கருவி எதற்கு? கோசுமெல் அமைந்துள்ள மெக்சிகோ நாட்டின் நாடாளுமன்றம் டால்பின் காட்சிகளைத் தடை செய்யும் சட்டத்தை 2025ல் நிறைவேற்றியது. நம் இந்தியாவில் டால்பின் காட்சியகங்களுக்கு அனுமதி இல்லை என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2013லேயே அறிவித்துவிட்டது.

பார்ப்பதில் தவறில்லை

இவ்வளவும் படித்துவிட்டு, டால்பினைப் பார்க்கவே கூடாது என்று எண்ண வேண்டாம். பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். நேரில் பார்த்தவரே அதைக் காக்க முன்வருவார். ஹவாய்க்குப் போகும் பயணி கரைமேட்டில் நின்று நாரிஸ் பார்த்ததுபோல் தொலைநோக்கியில் பார்க்கலாம். தூரத்தில் நிற்கும் படகிலிருந்து பார்க்கலாம். டால்பின் இல்லாத பவளத் திட்டுகளின் மேல் ஆசை தீர நீந்தலாம்.

சுழல் டால்பின் ஹவாய்க்கு மட்டும் உரியதன்று. மன்னார் வளைகுடாவிலும் உண்டு. இலங்கையின் கற்பிட்டிக் கடலில் பெருங்கூட்டமாகத் திரிவதைக் காணப் படகுகளில் ஆட்கள் போகிறார்கள். நீங்களோ உங்கள் வீட்டாரோ என்றாவது இத்தகைய படகில் இடம் பதிவு செய்ய நேர்ந்தால், பணம் கட்டுமுன் நான்கு கேள்விகள் கேளுங்கள். டால்பின் கடலில் சுதந்திரமாக இருப்பதா, அடைக்கப்பட்டதா? படகு எவ்வளவு தூரத்தில் நிற்கும்? கூட்டம் விலகிப் போனால் துரத்துவீர்களா, விட்டுவிடுவீர்களா? டால்பின் வராவிட்டால் என்ன செய்வீர்கள்? "வராவிட்டால் வெறுங்கையோடு திரும்புவோம்" என்று சொல்லும் படகோட்டியே நம்பத் தகுந்தவர். "கட்டாயம் காட்டுவோம், தொடவும் விடுவோம்" என்பவர், டால்பினின் விருப்பத்தைக் கேட்காமலே உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறார்.

செய்து பாருங்கள்

1. நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவரின் துணையோடு குளத்தில் இறங்குங்கள். தலையை நீருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சற்றுத் தள்ளி உங்கள் நண்பர் நீருக்குள் இரண்டு கற்களைத் தட்டட்டும். ஓசை தெளிவாகக் கேட்கும். ஆனால் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்ல முடிகிறதா?

2. ஏன் சொல்ல முடியவில்லை என்று கணக்கிடுங்கள். இரு காதுகளுக்கும் இடையே 18 சென்டிமீட்டர் என்று கொள்ளுங்கள். பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி ஒரு காதை அடைந்தபின் மறுகாதை அடைய, காற்றில் (விநாடிக்கு 340 மீட்டர்) எவ்வளவு நேரம் ஆகும்? நீரில் எவ்வளவு? இந்த நேர வித்தியாசத்தைக் கொண்டே நம் மூளை திசையை அறிகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

3. 113 மீட்டர் தொலைவில் இருந்த கோளத்திலிருந்து எதிரொலி திரும்பிவர அந்த டால்பின் எவ்வளவு நேரம் காத்திருந்திருக்கும்?

(விடைகள்: 2. காற்றில் சுமார் 0.00053 விநாடி, நீரில் 0.00012 விநாடி. 3. சுமார் 0.15 விநாடி.)